அடுப்புக்குள் அலுவலகம்

வால்டிவியாவில் மே மாதம் தொடங்கிய மழை
ஆகஸ்டிலும் தகரக் கூரைமேல்தான் குடியிருக்கிறது.

நான் மன்னிப்பு எழுதுகிறவள்.
நீண்டதூரப் பேருந்துக் கம்பெனி ஒன்றுக்காக,
தொலைந்த பெட்டிகளுக்கும்
பாதிவழியில் நின்ற எஞ்சின்களுக்கும்
நாளொன்றுக்கு எழுபது மன்னிப்பு.
'தங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம்.'
அந்த 'றோம்' முழுக்க
நான் ஒருத்திதான்.

சமையல் மேசையே அலுவலகம்.
மடிக்கணினிக்கு இடப்பக்கம் வெங்காயக் கூடை,
வலப்பக்கம் உலராத காலுறைகள்.

முன்பெல்லாம் ஆற்றோரமாக
இருபது நிமிடம் நடந்து வேலைக்குப் போவேன்.
மீன்சந்தைப் படிக்கட்டில் கடற்சிங்கங்கள்
வெட்டி எறியும் தலைகளுக்காகக் குரைத்துக்கொண்டிருக்கும்.
அந்த இருபது நிமிடத்தை
எனக்கு மிச்சப்படுத்தித் தந்தார்கள்.
எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.

சோர்வு எனக்குத் தெரிந்த ஆள்தான்.
விறகு சுமந்தால் வரும்,
ஒரு கிண்ணம் பயறு குடித்துவிட்டு
விடியுமுன் சொல்லாமல் போய்விடும்.
இது வேறு.
நான் கண்விழிக்கும்போது
எனக்கு முன்பே எழுந்து
கெண்டியில் தண்ணீர் வைத்திருக்கிறது.

யானெட் தொலைபேசியில் சொன்னாள்:
அடிக்கடி தூரத்தைப் பார்,
தண்ணீர் குடி, மூச்சை எண்ணு.
எண்ணினேன்.
பதினொன்றில் ஒரு புகார் வந்தது.
தெமுகோவிலிருந்து ஒருவர்,
தொலைந்த பெட்டிக்குள்
மகளின் கிளாரினெட் இருந்ததாம்.
பன்னிரண்டாவது மூச்சு
இன்னும் அங்கேயே நிற்கிறது.

விறகு கொண்டுவரும் நிபால்டோ
சனிக்கிழமை கூடையை இறக்கிவிட்டுக் கேட்டார்:
"ராத்திரி ரெண்டு மணிக்கும் உங்க விளக்கு எரியுதே,
வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?"
இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.
"ஆமாம்" என்று வந்தது.
"யாருக்கு?"
இருப்பதே ஒரு ஆள்.
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
பிறகு விறகைப் பார்த்தார்.
இரண்டு கட்டை கூடுதலாக வைத்துவிட்டுக்
கணக்கில் எழுதாமல் போனார்.

அன்று மாலை ஆறு மணிக்கு
மடிக்கணினியை ரொட்டி அடுப்புக்குள் வைத்துச் சாத்தினேன்.
மார்ச்சிலிருந்து எரியாத அடுப்பு.
இந்த வீட்டில் மூடுவதற்கென்று
குளியலறையை விட்டால்
அந்த ஒரு கதவுதான் உண்டு.

முதல் இரவு அடுப்பின் கண்ணாடிக்குள்
பச்சைப் பொட்டு ஒன்று விட்டுவிட்டு மின்னியது.
கேக் உப்பக் காத்திருப்பவள்போல
எதிரே உட்கார்ந்திருந்தேன்.
மூன்றாம் இரவு
கண்ணாடிமேல் ஒரு துணியைத் தொங்கவிட்டேன்.
ஐந்தாம் இரவு துணியை விலக்கி, கையைவிட்டு எடுத்து,
ஏழு பேரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் படுத்தேன்.
இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது காலையில் கோட்டு மாட்டி,
வீட்டைப் பூட்டிக்கொண்டு
ஆறுவரை போகிறேன்.
ஒரு கடற்சிங்கம் கொட்டாவி விடுகிறது,
வாய் கொள்ளாமல், வெட்கமே இல்லாமல்.
பார்த்த எனக்கும் வருகிறது.
திரும்பி வந்து அதே கதவைத் திறந்து
"வந்துவிட்டேன்" என்கிறேன்
வெங்காயக் கூடையிடம்.

களைப்பு வீட்டைக் காலி செய்துவிடவில்லை.
நேற்று மதியம்கூட
திரையில் எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன.
எழுந்துபோய்க் கணப்பருகே
வெறுந்தரையில் படுத்தேன்.
நிபால்டோ கணக்கில் எழுதாத கட்டை,
உள்ளே ஈரமில்லாதது,
சட்டென்று பற்றிக்கொண்டது.

கண்விழித்தபோது இருட்டியிருந்தது.
எழுபதில் அறுபத்துமூன்றுதான் முடிந்திருந்தது.
அடுப்பைத் திறந்தேன், வைத்தேன், சாத்தினேன்.

மிஞ்சிய ஏழில்
கிளாரினெட்காரரும் இருந்தார்.
இன்று காலை அவருக்குத்தான் முதலில் எழுதினேன்.
பெட்டி இன்னும் கிடைக்கவில்லை.
'வருந்துகிறோம்' என்று தானாக வந்ததை அழித்து,
'வருந்துகிறேன்' என்று அடித்து,
கீழே
மிரேயா என்று போட்டேன்.